சாமி நம்பிக்கை போனப்புறம் எதை வெச்சு வாழ்றீங்க?

செம்பட்டி_நடை:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எனக்கு 38 வயசு. சொந்த ஊரு உசிலம்பட்டி பக்கம், இப்ப கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு லேத் பட்டறை, நானும் இன்னும் மூணு பசங்களும். பதினோரு வருஷம் தைப்பூசத்துக்கு ஊர்ல இருந்து பழனிக்கு நடந்தவன் நான். வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம்னு அந்த ரோட்டுல எங்க நிழல் இருக்கும், எங்க சுக்கு காப்பி ஊத்துவாங்கன்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன். ராத்திரி நடைல ஒரு எடத்துல மலை மேல இருக்குற லைட்டு மொதல்ல கண்ணுக்கு படும், செட்டு மொத்தமும் நின்னு அரோகரா போடும், கால்ல கொப்புளம் ஒடஞ்சு கெடக்கும் ஆனா அந்த நேரத்துல அது யாரோ ஒருத்தர் காலு மாதிரி தான் இருக்கும். இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா சும்மா பேருக்கு திருநீறு பூசுனவன் இல்ல நான், அது தெரியணும்.

போன வருஷம் ரெண்டாவது கொழந்தை. 28 வாரத்துலயே பொறந்துட்டான், 940 கிராம். பச்சப்புள்ளைங்க ஐசியூல 19 நாள் வெச்சிருந்தாங்க. பொறந்த அன்னிக்கு ராத்திரி நான் மட்டும் வீட்டுக்கு வந்து, மஞ்சத்துணில ஒத்த ரூவா காசு முடிஞ்சு சாமி அலமாரில வெச்சேன், வீட்டுக்காரி வார்டுல படுத்துட்டே போன்ல கூட சேந்து வேண்டிக்கிட்டா, அவன் பொழச்சு வந்தா பழனில முடி எறக்கி காது குத்துறோம்னு. 19-வது நாள் விடியக்காலம் போயிட்டான். அங்க இருந்த டாக்டருங்க நர்சுங்க மேல ஒரு கொறை சொல்ல வாய் வராது, அம்புட்டு பாத்தாங்க.

அதுக்கப்புறம் எனக்கு கோவம் கூட வரல, அதான் பயமா இருந்துச்சு. ஒரு நாள் காலைல பட்டறைய தொறந்து முருகன் படத்துக்கு பத்தி கொளுத்தப்போறேன், கைல தீப்பெட்டி இருக்கு, யாருக்கு கொளுத்துறோம்னே தெரியல. அப்டியே கீழ வெச்சுட்டேன். அன்னிலேருந்து கொளுத்தல.

நான் கேக்க வந்தது சாமி இருக்கா இல்லையான்னு இல்ல, அத வெச்சு இங்க சண்டை போட வேணாம். எனக்கு முன்னாடி எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. ஆர்டர் வந்தா அவன் அருள், வராட்டி அவன் சோதனை, எது நடந்தாலும் ஒரு கையி பின்னாடி இருக்குன்னு நெனச்சு தான் தூங்கி எந்திரிச்சேன். இப்ப ஷாப்டு கடையிறேன், லோனு கட்டுறேன், மூத்தவள ஸ்கூல்ல விடுறேன், எல்லாம் நடக்குது ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. எதுக்கு இம்புட்டும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டுது. ஆரம்பத்துல இருந்தே சாமி கும்பிடாதவங்க எல்லாம் எதை வெச்சு எந்திரிக்கிறீங்க? கும்பிடுறவங்க, நாளைக்கே இல்லன்னு உறுதியா தெரிஞ்சா உங்களுக்கு எல்லாம் வெறுமையா ஆயிருமா?

இன்னொண்ணு. அந்த காசு இன்னும் அலமாரில தான் இருக்கு. வீட்டுக்காரி தெனம் அதே அலமாரில வெளக்கு ஏத்துறா, அவளும் தொடல நானும் தொடல. மூத்தவளுக்கு ஆறு வயசு, தம்பி சாமிகிட்ட போயிட்டானாப்பான்னு கேக்குறா. ஆமான்னு சொல்ல வாய் வரல, இல்லன்னு சொல்லவும் வரல.


வேலவன்_துணை:

நண்பரே படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. முருகன் தனக்கு ரொம்ப வேண்டியவங்கள தான் சோதிப்பான். விட்ட எடத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிங்க, ஒரு மண்டலம் விரதம் இருந்து மலை ஏறிட்டு வாங்க, அந்தப் புள்ளையே மறுபடி உங்க வீட்டுல வந்து பொறப்பான் பாருங்க. நம்பிக்கைய மட்டும் விடாதீங்க.


செம்பட்டி_நடை:

நல்ல மனசோட சொல்றீங்கண்ணே, எனக்கு புரியுது, கோவிச்சுக்காதீங்க. சோதிக்கிறான்ங்கிற அந்த வார்த்தைய தான் என்னால தாங்க முடியல. என்னைய சோதிக்கணும்னா என் காலை ஒடச்சிருக்கலாம், பட்டறைய எரிச்சிருக்கலாம். 940 கிராம்ல கண்ணு கூட சரியா தொறக்காத ஒருத்தன எதுக்கு நடுவுல இழுக்கணும். இத ஒத்துக்கிட்டேன்னா அவன் எனக்கு வச்ச பரீட்சைக்கு ஒரு சாமான் மாதிரி ஆயிடுறான். அவன் அப்டி இல்ல.


தபால்_பை:

தம்பி, எனக்கு 66 வயசு. தபால் ஆபீஸ்ல இருந்து ஓய்வு பெத்தவன். உங்க கேள்வில மொதல் பாதிக்கு நான் பதில் சொல்லலாம், ஏன்னா பொறந்ததுல இருந்து சாமி படம் இல்லாத வீட்ல வளந்தவன். எங்கப்பா அம்மாவுக்கு 1956-ல சுயமரியாதைக் கல்யாணம், ஐயர் இல்ல, மாலை மாத்திக்கிட்டாங்க, நாலு பேர் மேடைல பேசுனாங்க, முடிஞ்சுது. அந்தக் கல்யாணம் அப்ப சட்டப்படி செல்லாது. 1967-ல அண்ணா ஆட்சி வந்து இந்து திருமணச் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தப்புறம் தான் செல்லுபடி ஆச்சு, அது வரைக்கும் ஊர்ல எங்கள முறையில்லாம பொறந்த புள்ளைங்கன்னு சொல்றது காதுல விழுந்து தான் வளந்தேன்.

சாமி இல்லாதவன் வாழ்க்கை வெட்டவெளி மாதிரி இருக்கும்னு நெனைக்கிறாங்க. எங்கப்பாவுக்கு பொழுதே பத்தாது. நெசவாளர் சங்கத்துல கணக்கெழுதுற வேலை, சாயங்காலம் வந்து கால கழுவிட்டு திண்ணைல உக்காந்தா ஆளுங்க வந்துருவாங்க. மனு எழுதுவார். விதவை பென்ஷன், பட்டா மாத்துறது, ரேஷன் கார்டுல பேரு சேக்குறது. ஒவ்வொண்ணுக்கும் கார்பன் தாள் வெச்சு ஒரு காப்பி எடுத்து, அதுல நீல பென்சில்ல தேதி போட்டு, ஆபீஸ்ல இருந்து பதில் வந்ததும் குறுக்க ஒரு கோடு போடுவார். கோடு விழாத மனுவ எடுத்து வெச்சுக்கிட்டு மறுபடி நினைவூட்டுக் கடிதம் எழுதுவார். அவர் ஒரு நாளும் வாழ்க்கைக்கு அர்த்தம் என்னன்னு கேட்டு நான் பாத்ததில்ல, கோடு விழாத மனு எத்தனைன்னு தான் கேப்பார்.

லாகூர் ஜெயில்ல 1930-ல பகத்சிங் நான் ஏன் நாத்திகன் ஆனேன்னு எழுதுன கட்டுரைய கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா தமிழ்ல கொண்டு வந்தார், எங்க வீட்ல அது இருந்துச்சு. தூக்கு உறுதின்னு தெரிஞ்ச நெலமைல ஒரு பையன் எழுதுறான், கயிறு இறுகுனதும் எல்லாம் முடிஞ்சுது, அதுக்கு மேல சொர்க்கமோ மறுபிறப்போ எனக்கு இல்லன்னு. அடுத்த மார்ச் 23-ம் தேதி தூக்குல போட்டுட்டாங்க, 23 வயசு. பெரியார எடுத்துக்கங்க, 94 வயசுல மூத்திரம் போக டியூப் மாட்டிக்கிட்டு ஊர் ஊரா வேன்ல போனவர், 1973 டிசம்பர் 19-ம் தேதி தியாகராய நகர்ல கடைசியா பேசுனார், 24-ம் தேதி போயிட்டார். வலில பேச்சு நடுவுல கத்துவாராம், கொஞ்ச நேரம் நின்னுட்டு மறுபடி விட்ட எடத்துல ஆரம்பிப்பாராம். செத்தப்புறம் ஏதோ கெடைக்கும்னு நெனச்ச மனுஷன் இல்ல அவர், எதுக்கு அந்த ஒடம்போட அலைஞ்சார்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஒண்ணு, உண்மைய சொல்லணும். எங்கப்பா போனப்ப ஒடம்ப மெடிக்கல் காலேஜுக்கு குடுத்துட்டோம், அவர் விருப்பம். வண்டி போனப்புறம் வீட்டுக்குள்ள வந்தா எங்க யாருக்கும் செய்ய ஒண்ணும் இல்ல. மத்த வீட்ல மூணாம் நாள் பால் தெளிக்கணும், பதினாறு கும்பிடணும்னு கைக்கு வேலை இருந்துட்டே இருக்கும், அழுதுகிட்டே அரிசி களையலாம். எங்களுக்கு கை சும்மா கெடந்துச்சு, அது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது. பதினாறாம் நாள் படத்திறப்பு வெச்சோம். அதுல முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா எந்திரிச்சு, இவர் எழுதுன மனுல வந்த பென்ஷன்ல தான் என் பொண்ண படிக்க வெச்சேன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அப்ப தான் எனக்கு அழுகையே வந்துச்சு.

உங்க புள்ளைக்கு ஏதாவது செஞ்சீங்களா தம்பி? சாமிக்காக இல்ல, உங்க கைக்காக கேக்குறேன்.


கடலோரத்தி:

அண்ணா, நான் கும்பிடுறவ. நாகப்பட்டினம் பக்கம் மீனவ கிராமம். தபால் ஐயா எழுதுனது மனசுல நிக்குது, அவரோட அப்பா மாதிரி ஆளு எங்க ஊருக்கு ஒருத்தர் இருந்திருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும். ஆனா ஐயா, ஒண்ணு கேக்குறேன், சண்டைக்கு இல்ல. உங்கப்பா ஒரு பெட்டி நெறைய மனு விட்டுட்டு போனாரு, அதை பாத்து அவர் வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்துச்சுன்னு சொல்றோம். 19 நாள் புள்ளை என்ன விட்டுட்டு போவான்? செஞ்ச வேலைல தான் அர்த்தம்னா ஒண்ணுமே செய்யாம போனவங்களுக்கு என்ன சொல்றது?

எனக்கு இந்த கேள்வி புதுசு இல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழமை, எனக்கு 14 வயசு, என் தம்பிக்கு 5. காலைல ஒம்பது மணி வாக்குல கடலு ஊருக்குள்ள வந்துச்சு. சுனாமிங்கிற பேரே அன்னிக்கு எங்களுக்கு தெரியாது, கடலு வருது கடலு வருதுன்னு தான் கத்துனாங்க. தம்பி கையி என் கையில இருந்துச்சு. அதுக்கு மேல நான் எழுதல. வேளாங்கண்ணில கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்தவங்க எத்தனையோ பேரு கரைலயே போயிட்டாங்க, மாதாவ கும்பிட வந்தவங்க. கும்பிட்டவங்கள காப்பாத்துவாருன்னா அன்னிக்கு அந்த கரைல ஒருத்தரும் செத்திருக்க கூடாது. அதனால சோதனை, கர்மா, புண்ணியம்னு யாராவது கணக்கு சொன்னா நானும் எந்திரிச்சு போயிருவேன். கணக்கு போடுற சாமி எனக்கும் அன்னிக்கே போயிருச்சு.

எங்கம்மா மூணு வருஷம் வெளக்கு ஏத்தல. மாரியம்மன் படத்தை சொவத்து பக்கம் திருப்பி வெச்சிருந்துச்சு, எடுத்து போடல, திருப்பி தான் வெச்சிச்சு. ஒரு நாள் நான் ஸ்கூல்ல இருந்து வரேன், அம்மா படத்தை நேரா திருப்பி வெச்சு, கீழ உக்காந்து ஏசுது. பச்சை பச்சையா. உனக்கு கண்ணு அவிஞ்சா போச்சு, என் புள்ளைய குடுடின்னு. ஏசி முடிச்சிட்டு எந்திரிச்சு வெளக்கு ஏத்துச்சு. அப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கல. இப்ப எனக்கும் ரெண்டு புள்ளை இருக்கு, இப்ப வெளங்குது. அம்மாவுக்கு பதில் கெடைக்கல, என்னைக்கும் கெடைக்காதுன்னும் தெரியும். ஆனா அம்மாவோட அந்த ஏச்ச எந்த மனுஷனாலயும் தாங்க முடியாது, எங்கப்பாவாலயும் முடியல, என்னாலயும் முடியல. அதை தாங்குறதுக்கு ஒருத்தர் வேணும்.

எனக்கு சாமிங்கிறது அது தான். என் தம்பி அஞ்சு வருஷம் இருந்தான், ஒரு வலை கூட இழுக்கல, யாருக்கும் ஒரு உபகாரம் பண்ணல, மண்ணுல விளையாண்டான், கருவாட்டு கொழம்புன்னா ரெண்டு தட்டு திம்பான். அவ்ளோதான். அவன் அவ்ளோதானே இருந்தான்னு ஒலகம் சொன்னாலும், இல்ல அவன் முழுசா ஒருத்தரு கண்ணுல இருக்கான்னு நெனச்சா தான் எனக்கு மூச்சு விட முடியுது. டிசம்பர் 26 வந்தா கரைல போயி பால் ஊத்துறோம், பூ போடுறோம். கடலு தான் கொண்டுக்கிட்டு போச்சு, அந்த கடலுக்கே பால். வெளில இருந்து பாக்குறவங்களுக்கு புரியாது.

மதர் தெரசா போனப்புறம் 2007-ல அவங்க லெட்டரெல்லாம் வெளிவந்துச்சே, பல வருஷமா கடவுள் கூட இருக்குற உணர்வே எனக்கு இல்லன்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்த வெறுமையோட தான் அவ்ளோ வேலையும் பாத்திருக்காங்க. அதை படிச்சப்ப எங்கம்மாவ தான் நெனச்சேன். நம்பிக்கைன்னா சந்தோஷமா தெளிவா இருக்குறதுன்னு நெனைக்காதீங்கண்ணா. இன்னொண்ணும் சொல்லிடறேன், சுனாமி நேரத்துல பரங்கிப்பேட்டைல ஜமாத்துக்காரங்க அண்டா வெச்சு சோறாக்கி மீனவ சனங்களுக்கு போட்டாங்க, யாரு எந்த சாமின்னு கேட்டுட்டு போடல. அந்த சோத்த தின்னவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க.

மகளுக்கு ஆமா சாமிகிட்ட தான் இருக்கான்னு நான் சொல்லுவேன். ஆனா உங்களுக்கு வரலன்னா சொல்லாதீங்க. புள்ளைங்களுக்கு பொய்யி தெரிஞ்சிரும்.


தபால்_பை:

அம்மா, நீங்க கேட்டதுக்கு ரெண்டு நாளா யோசிக்கிறேன், என்கிட்ட பதில் இல்ல. எங்கப்பாவ வெச்சு அளந்தேன், அது தப்பு. எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கு, பொறந்து ஏழு மாசத்துல போயிருச்சு. எங்கப்பா அதை பத்தி பேசவே மாட்டார், அவ்ளோ பேசுற மனுஷன். மனு பெட்டில அடில ஒரு பொட்டலம் இருந்துச்சு, சின்ன சலங்கை ஒண்ணு, பேப்பர்ல அதே நீல பென்சில்ல தேதி. கோடு போடல.


சமணமலை_வாத்தியார்:

நான் தமிழ் வாத்தியார், மதுரை. உசிலம்பட்டி ரோட்டுல நாகமலை புதுக்கோட்டை பக்கம் தான் வீடு, செம்பட்டி_நடை அண்ணன் ஊருக்கு போற வழி தான்.

கொழப்பம் எங்க வருதுன்னா வாழ்க்கை'க்கு' அர்த்தம் வேற, வாழ்க்கை'ல' அர்த்தம் வேற. மொத்த ஒலகமும் எதுக்கு இருக்கு, மனுஷன எதுக்கு படைச்சாங்கங்கிறது மொத கேள்வி. அதுக்கு சாமி இருந்தா தான் பதிலே வரும், ஏன்னா படைச்சவன்னு ஒருத்தன் இருந்தா தானே எதுக்குன்னு கேக்க முடியும். ஆனா என் மக நாளைக்கு ஸ்கூல் விட்டு ஓடி வந்து இடுப்ப கட்டிக்கும்போது அதுல ஒண்ணு இருக்கு பாருங்க, அது ரெண்டாவது. மொதல் கேள்விக்கு பதில் போனதும் ரெண்டாவதும் கூடவே போயிருச்சுன்னு நெனச்சுக்கிறோம். உண்மைல ரெண்டும் ஒரே கயிறு இல்ல.

இன்னும் ஒரு படி மேல போறேன். சாமி ஒரு நோக்கம் குடுத்துட்டா மட்டும் அர்த்தம் வந்துருமா? நம்ம ஊர்ல கருப்பனுக்கு நேந்து விட்ட கிடா இருக்கும் பாத்திருப்பீங்க. அதுக்கு அதோட நோக்கம் பொறந்ததுமே முடிவாயிருச்சு, அதுவும் சாமிக்காகவே. ஊரே அத மதிக்குது, எந்த கொல்லைல மேஞ்சாலும் வெரட்ட மாட்டாங்க. ஆனா அந்த கிடாவுக்கு அந்த நோக்கத்துல என்ன இருக்கு? அது புல்லு மேயுறதுலயும் வெயில்ல படுத்து அசை போடுறதுலயும் இருக்குறது தான் அதோடது. மேல இருந்து வர்ற நோக்கத்தையும் நம்ம மனசு இது நல்லதுன்னு ஒத்துக்கிட்டா தான் நம்மளது ஆகுது. வேலவன்_துணை சொன்ன சோதனைய அண்ணன் ஒத்துக்கலயே, ஏன்? சாமியே சொன்னாலும் என் புள்ளை ஒரு சாமான் இல்லன்னு சொன்னாருல்ல. அத எங்கருந்து சொன்னாரு? சாமி நம்பிக்கை போனப்புறம் சொன்னது அது. இம்புட்டு உறுதியான ஒண்ணு உள்ள இருக்குற மனுஷனுக்கு எதுவுமே ஒட்டலன்னு சொன்னா நான் முழுசா ஏத்துக்க மாட்டேன்.

கீழக்குயில்குடி சமணமலைக்கு போயிருக்கீங்களாண்ணே? அடிவாரத்துல தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில், சனங்க பொங்க வெச்சுட்டு இருப்பாங்க. மேல ஏறுனா பாறைல தீர்த்தங்கரர் செலைங்க, கீழ வட்டெழுத்து, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. சமணத்துல ஒலகத்தை படைச்சவன்னு ஒரு கடவுளே கெடையாது. பௌத்தத்துலயும் அப்டித்தான். படைச்சவன் இல்லன்னு சொன்னவங்க இதே மண்ணுல நூத்துக்கணக்கான வருஷம் பள்ளி நடத்தி, மருந்து குடுத்து, ஒரு எறும்ப மிதிக்காம நடக்கணும்னு வாழ்ந்திருக்காங்க. அதனால சாமி இல்லாட்டி அர்த்தம் இல்லங்கிறது நம்ம ஊருக்கு பழைய சேதி இல்ல, நம்ம ஊர்ல இது ரெண்டும் எப்பவும் ஒரே மலைல மேலயும் கீழயுமா இருந்திருக்கு.

கிளாஸ்ல புறநானூறு 194 நடத்தும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். ஒரு வீட்ல சாவுப்பறை, பக்கத்து வீட்ல கல்யாண முழவு. இத பாத்துட்டு பக்குடுக்கை நன்கணியார் படைச்சவன 'பண்பிலாளன்'னு திட்டுறார். கடலோரத்தியோட அம்மா திட்டுன மாதிரியே தான். திட்டிட்டு, இந்த ஒலகம் கொடியது தான், அதோட இயல்பு புரிஞ்சவங்க இதுல இனியத பாத்துக்கங்கன்னு முடிச்சிடறார். எந்த சமாதானமும் சொல்லல. கொடியது இல்லன்னும் சொல்லல, எல்லாம் நன்மைக்கேன்னும் சொல்லல. எனக்கு அந்த நேர்மை போதும்னு தோணும். உங்களுக்கு இப்ப போதாது, தெரியும்.


நைட்டு_ட்யூட்டி:

நான் பச்சப்புள்ளைங்க ஐசியூல ஸ்டாஃப் நர்ஸ், ஒம்பது வருஷமா. உங்க புள்ளை இருந்த ஆஸ்பத்திரி இல்ல, வேற ஊரு. ட்யூட்டி முடிச்சு வந்து தூங்காம டைப் பண்றேன், தப்பிருந்தா மன்னிச்சிருங்க.

பெரிய விஷயமெல்லாம் எனக்கு பேச தெரியாது. ஒண்ணுமே செய்யாம போனவங்கன்னு மேல அக்கா எழுதுனாங்க, அத பத்தி மட்டும் சொல்றேன். 900 கிராம் புள்ளைங்க ஒண்ணும் செய்யாதுன்னு வெளில இருக்குறவங்களுக்கு தோணும். எங்களுக்கு தெரியும் எவ்ளோ வேலை பாக்கும்னு. ஒவ்வொரு மூச்சும் அதுக்கு வேலை. அம்மா நெஞ்சுல சட்டையில்லாம ஒட்டி படுக்க வெப்போம், கங்காரு முறைன்னு சொல்லுவோம், அப்பாவும் வெச்சுக்கலாம். வெச்ச கொஞ்ச நேரத்துல மானிட்டர்ல தாறுமாறா ஓடிட்டு இருந்த இதயத்துடிப்பு சீரா வரும், ஒடம்பு சூடு நிக்கும். அந்தப் புள்ளைக்கு யாரோ இருக்காங்கன்னு தெரியுது. கண்ணு தெரியாட்டியும் குரல் தெரியும், வயித்துக்குள்ள இருந்தப்பவே கேட்ட குரலு. அம்மா பேசுனா தல லேசா திரும்பும். நீங்க கைய கழுவிட்டு இன்குபேட்டர் ஓட்டை வழியா வெரல விட்டிருப்பீங்க, புடிச்சிருப்பான்ல? அது நரம்போட அனிச்சை செயல் தான்னு புஸ்தகத்துல இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா ஒம்பது வருஷத்துல, வெரல் புடிச்சப்ப அது வெறும் நரம்புன்னு நெனச்ச ஒரு அப்பாவ நான் பாத்ததில்ல, நானும் அப்டி நெனச்சதில்ல.

நான் ட்யூட்டிக்கு போகும்போது பர்ஸ்ல மாதா படம் இருக்கும். என்கூட பாக்குற டாக்டர் எதையும் நம்ப மாட்டார். ராத்திரி மூணு மணிக்கு ஒரு புள்ளை மூச்ச விட்டுட்டா ரெண்டு பேரும் ஒரே வேகத்துல தான் ஓடுறோம். ரெண்டு கட்டை வெரல வெச்சு நெஞ்ச அமுக்கும்போது யாரு நம்புறவங்கன்னு வித்தியாசம் தெரியாது.

இன்னொண்ணு, புள்ளை போனப்புறமும் அம்மாவுக்கு பால் ஊறும், அத பத்தி யாரும் வெளில பேசுறதில்ல. எங்க யூனிட்டுல சில அம்மாங்க அத தாய்ப்பால் வங்கிக்கு குடுத்துட்டு போவாங்க. 62.5 டிகிரில அரை மணி நேரம் சூடு பண்ணி, கிருமி டெஸ்ட் பண்ணி, உறைய வெச்சிருப்போம், பால் இல்லாத அம்மாவோட எடை கொறஞ்ச புள்ளைங்களுக்கு ட்யூப்ல ரெண்டு மில்லி மூணு மில்லியா போகும். அந்த பாட்டில எடுக்கும்போதெல்லாம் நான் ஒரு நிமிஷம் நின்னுட்டு தான் எடுப்பேன்.

அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருதுன்னு எழுதியிருக்கீங்க. எதுக்கு இருக்கணும்ங்கிற நெனப்பு எப்பவாவது செத்துரலாமாங்கிற பக்கம் போச்சுன்னா தயவு செஞ்சு 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், காசு கெடையாது, தமிழ்ல பேசுவாங்க. அப்பாங்கள யாரும் எப்டி இருக்கீங்கன்னு கேக்குறதில்ல, நாங்களும் அம்மாவ தான் கேக்குறோம். அதனால இப்ப கேக்குறேன், எப்டி இருக்கீங்க?


செம்பட்டி_நடை:

எல்லாருக்கும் பதில் போட பத்து நாள் ஆயிருச்சு, மன்னிக்கணும். பட்டறைல ஒரு பம்ப்பு ஆர்டர் அவசரமா போச்சு, அது காரணம் பாதி தான், மீதி என்னான்னா படிச்சுட்டு எழுத முடியல.

தங்கச்சி, எப்டி இருக்கீங்கன்னு கேட்டீங்கள்ல, அத படிச்சுட்டு வண்டிய ஓரங்கட்டி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். சாகணும்னு தோணல, அந்த பயம் வேணாம். நம்பர போன்ல போட்டு வெச்சுக்கிட்டேன்.

நீங்க பால் பத்தி எழுதுனத வீட்டுக்காரிகிட்ட படிச்சு காட்டுனேன். அவ ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு நானும் குடுத்தேனேன்னா. எனக்கு தெரியவே தெரியாது. அவன் போன அன்னிக்கு நான் ஆம்புலன்ஸ், பேப்பர், ஊருக்கு போன்னு ஓடிட்டு இருந்திருக்கேன், அவ கீழ அந்த ரூம்ல உக்காந்து குடுத்திருக்கா, அதுக்கப்புறமும் ரெண்டு தடவை அவ அம்மாவ கூட்டிட்டு போயி குடுத்திருக்கா. ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீங்க தான் அவன் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சு பட்டறைக்கு போயிடறீங்களேன்னா. தபால் ஐயா, கைக்கு ஏதாவது செஞ்சீங்களான்னு கேட்டீங்க. நான் செய்யல, அவ செஞ்சிருக்கா.

கடலோரத்தி தங்கச்சி, உங்க அம்மா கதைய படிச்சப்ப தான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. எனக்கு போனது அர்த்தம்னு நெனச்சு இங்க வந்து கேட்டேன், அத விட பெருசா போனது ஏச ஒரு ஆளு. எனக்கு அந்த ஆளு திரும்பி வருவாருன்னு தோணல. படத்தை நேரா திருப்பி வெக்க எனக்கு முடியல, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரிகிட்ட ஏசுனேன், அவள இல்ல, எல்லாத்தையும். அவளும் ஏசுனா. அவ சாமிய ஏசுனா, நான் யாரன்னு தெரியாம ஏசுனேன், ரெண்டும் ஒரே மாதிரி தான் இருந்துச்சு.

வாத்தியாரே, கிடா விஷயம் ரொம்ப நேரம் ஓடிச்சு மனசுல. வாழ்க்கைக்கு எதுக்குங்கிற கேள்விக்கு எனக்கு பதில் இல்ல, இனி வருமான்னும் தெரியல, ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னும் முழிப்பு வருது. ஆனா அந்த நேரத்துல எந்திரிச்சு உக்காந்தா பக்கத்துல அவளும் முழிச்சுட்டு தான் இருக்கா, இத்தன நாளா எனக்கு தெரியல. ஊருக்கு போறப்ப மலைக்கு ஒரு நாள் வரேன்.

காச என்ன பண்ணலாம்னு கேட்டேன். அது நீங்க மட்டும் முடிஞ்சது இல்ல, நானும் சேந்து தான் வேண்டுனேன், அங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டா. இருக்கு.

மூத்தவ நேத்து மறுபடி கேட்டா, ஸ்கூலுக்கு கெளம்பும்போது ஷூ மாட்டி விட்டுட்டு இருந்தேன். தம்பி எங்கப்பா போனான்னு. எனக்கு தெரியலடா தங்கம், நெசமாவே அப்பாவுக்கு தெரியலன்னேன். ஆனா தெரிஞ்சத சொல்றேன், நான் தெனம் போயி அவன்கிட்ட உன் பேர சொல்லுவேன், அக்கா வீட்ல வெயிட் பண்றான்னு, அப்ப என் வெரல புடிச்சிட்டு இருப்பான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. எந்த வெரலுன்னு கேட்டா. காட்டுனேன். ஸ்கூல் வாசல் வரைக்கும் அந்த வெரல தான் புடிச்சிட்டு வந்தா.